காரின் கறுப்பு பிளாஸ்டிக் ஏன் சாம்பலாகிறது, எப்படி மீட்பது

கார் கொஞ்சம் பழசானதும் பெயின்ட்டுக்கு முன்னால் கிழடு தட்டுவது கறுப்பு பிளாஸ்டிக் பாகங்கள்தான். பம்பரின் கீழ்ப்பகுதி, சக்கரத்துக்கு மேல் வளைவாக ஓடும் பட்டை, கதவுக்கு அடியில் இருக்கும் நீளப் பட்டை, முன்கண்ணாடிக்குக் கீழே வைப்பர் உட்கார்ந்திருக்கும் தட்டு, பக்கக் கண்ணாடியின் அடிப்பாகம். வாங்கும்போது எல்லாம் அழுத்தமான கறுப்பாக இருக்கும். சில வருஷம் வெயிலில் நின்றதும் சாம்பல் பூத்து, திட்டுத்திட்டாக வெளுத்துவிடும். பெயின்ட் பளபளத்தாலும் இந்தச் சாம்பல் நிறம் ஒன்றே வண்டிக்கு வயசைக் கூட்டிக் காட்டிவிடும்.

இதைச் சரிசெய்வதாகச் சொல்லி விற்கும் புட்டிகளுக்குக் கணக்கே இல்லை. ஸ்பிரே, ஜெல், நனைத்த துணி, செராமிக் கோட்டிங் என்று பல வடிவங்களில் வரும். எல்லாமே புதுசு போல ஆக்கும் என்றுதான் லேபிளில் எழுதியிருக்கும். பிளாஸ்டிக் ஏன் வெளுக்கிறது என்பது புரிந்துவிட்டால், எந்தப் புட்டி என்ன செய்யும், ஏறக்குறைய எவ்வளவு நாள் தாங்கும் என்பதை நீங்களே கணித்துவிடலாம். அதனால் அங்கிருந்து தொடங்குவோம்.

வெளுப்பது சாயம் அல்ல

பெயின்ட் பூசாத இந்தப் பாகங்களில் பெரும்பாலானவை பாலிபுரொப்பிலீன் என்ற பிளாஸ்டிக்கால் ஆனவை. அடிபட்டால் உடையாமல் வளைந்து கொடுக்க அதில் ரப்பர் கலப்பார்கள். விறைப்புக்கு டால்க் என்ற வெள்ளைக் கனிமத்தூளைக் கலப்பார்கள். பாகத்தைக் கழற்றிப் பின்பக்கம் பார்த்தால் 'பிபி + இபிடிஎம் - டிடி20' என்று பொருள்படும் எழுத்துகள் பொறித்திருக்கக் காணலாம். பாலிபுரொப்பிலீன், அதோடு ஒருவகை ரப்பர், எடையில் 20 சதவீதம் டால்க் என்று அர்த்தம். சில பாகங்கள் ஏபிஎஸ், ஏஎஸ்ஏ போன்ற வேறு பிளாஸ்டிக்குகளாலும் ஆனவை.

கறுப்பு நிறம் வருவது கார்பன் பிளாக் என்ற மிக நுண்ணிய கரித்தூளிலிருந்து. இந்தத் தூள் வெயிலுக்கு எளிதில் வெளுக்காது. சொல்லப்போனால், புற ஊதாக் கதிரைத் தடுப்பதில் இது மிகச் சிறந்த பொருட்களில் ஒன்று. அப்படியென்றால் வெளுப்பது எது? அந்தத் தூளைப் பிடித்து வைத்திருக்கும் பிளாஸ்டிக்தான் கெட்டுப்போகிறது.

பிளாஸ்டிக் என்பது நீளநீளமான மூலக்கூறுச் சங்கிலிகளின் பின்னல். தரையை எட்டும் சூரிய ஒளியில் ஏறக்குறைய 295 முதல் 400 நானோமீட்டர் அலைநீளம் வரை உள்ள புற ஊதாக் கதிருக்கு இந்தப் பிணைப்புகளை அறுக்கும் வலு உண்டு. அறுந்த முனைகள் காற்றிலுள்ள ஆக்சிஜனோடு சேரும். அதில் பிறக்கும் பொருட்கள் பக்கத்துச் சங்கிலியையும் தாக்கும். அது இன்னொன்றைத் தாக்கும். வெப்பம் கூடக்கூட இந்த வேலை வேகமெடுக்கும். பாலிபுரொப்பிலீனின் அமைப்பிலேயே இதற்கு எளிதில் இரையாகும் இடங்கள் வரிசையாக இருப்பதால், பாதுகாப்பு சேர்க்காத பாலிபுரொப்பிலீன் வெளியில் கொஞ்ச காலம்கூடத் தாக்குப்பிடிக்காது. தயாரிப்பவர்களுக்கு இது நன்றாகத் தெரியும். அதனால்தான் கரித்தூளோடு புற ஊதாக் கதிரை உறிஞ்சும் பொருட்களையும், சங்கிலித் தாக்குதலை இடையில் நிறுத்தும் நிலைப்படுத்திகளையும் கலக்கிறார்கள். ஆனால் அவையும் வருஷக்கணக்கில் தேய்ந்து, கசிந்து, கொஞ்சம் கொஞ்சமாகத் தீர்ந்துபோகும்.

தீர்ந்த பிறகு பிளாஸ்டிக்கின் மேல்தோல் மொறமொறப்பாகிச் சுருங்கி, கண்ணுக்குத் தெரியாத வெடிப்புகள் விடும். உள்ளே இருந்த வெள்ளை டால்க் தூளும் மேலே தலைகாட்டும். ஒளி இந்த வெடிப்புகளில் பட்டு நாலாபக்கமும் சிதறும். தெளிவாக இருக்கும் பனிக்கட்டியை நொறுக்கினால் வெள்ளையாகத் தெரிகிறதே, அதே கணக்குதான். கறுப்பு அங்கேயேதான் இருக்கிறது. அதன் மேல் வெள்ளையாக ஒரு சிதறல் வந்து உட்கார்ந்துவிட்டது.

இதிலிருந்து இரண்டு விஷயங்கள் தெளிவாகும். ஒன்று, சேதம் பெரும்பாலும் மேல்தோலோடு நின்றுவிடுகிறது. உள்ளே பிளாஸ்டிக் நல்ல நிலையில்தான் இருக்கும். இரண்டு, படுக்கையாக வெயில் வாங்கும் பாகங்கள் முதலில் போகும். முன்கண்ணாடிக்குக் கீழே உள்ள தட்டு சாம்பலான பிறகும் கதவின் அடிப்பட்டை கறுப்பாகவே இருப்பது இதனால்தான். ஒரே வண்டியில் ஒரு பக்கம் மட்டும் அதிகம் வெளுத்திருந்தால், தினமும் எந்தப் பக்கம் வெயில் பட நிறுத்துகிறார்கள் என்று ஊகித்துவிடலாம்.

தண்ணீர்ச் சோதனை

வெளுத்த இடத்தைக் கழுவி உலர்த்திவிட்டு, ஈர விரலால் ஒரு கோடு இழுத்துப் பாருங்கள். அந்தக் கோடு மட்டும் சட்டென்று கறுப்பாகும். உலர்ந்ததும் மறுபடி சாம்பலாகும்.

இந்தச் சின்ன சோதனையிலேயே முக்கால்வாசி விஷயம் அடங்கியிருக்கிறது. ஒளி சிதறுவதற்குக் காரணம், வெடிப்புக்குள் காற்றும் சுற்றிலும் பிளாஸ்டிக்கும் இருப்பது. ஒரு பொருள் ஒளியை எவ்வளவு வளைக்கும் என்பதைச் சொல்வது ஒளிவிலகல் எண். காற்றுக்கு அது 1, பாலிபுரொப்பிலீனுக்கு ஏறக்குறைய 1.49. இந்த வித்தியாசம் பெரிதாக இருக்கும் வரை சிதறல் இருக்கும். தண்ணீரின் எண் 1.33. வெடிப்பில் தண்ணீர் புகுந்ததும் வித்தியாசம் குறைகிறது, சிதறல் அடங்குகிறது, கறுப்பு தெரிகிறது. சிலிக்கோன் எண்ணெயின் எண் ஏறக்குறைய 1.40. அது தண்ணீரைவிடப் பிளாஸ்டிக்கை நெருங்கி வருகிறது, ஆவியாகியும் போகாது. 'டிரஸ்ஸிங்' என்று விற்கும் பெரும்பாலான புட்டிகளின் ரகசியம் இவ்வளவுதான்.

ஈரம் பட்டதும் நல்ல கறுப்பு வந்தால் உங்கள் பிளாஸ்டிக்கை மீட்கலாம் என்று அர்த்தம். ஈரத்திலும் சாம்பலாகவே இருந்தால், அல்லது தேய்க்கும்போது விரலில் மாவு போல ஒட்டினால், மேல்தோல் ரொம்பவே சிதைந்துவிட்டது. அதற்கு எண்ணெய் வகைகள் போதாது. தண்ணீர் பரவாமல் முத்து முத்தாக நின்றால் பழைய டிரஸ்ஸிங் இன்னும் ஒட்டியிருக்கிறது, முதலில் அதை எடுக்க வேண்டும்.

எல்லா வெள்ளையும் வெளுப்பு இல்லை

பெயின்ட்டுக்குப் போட்ட வாக்ஸோ பாலிஷோ ஓரத்தில் பிளாஸ்டிக் மேல் பட்டு, அதன் சொரசொரப்பில் புகுந்து காய்ந்துவிட்டாலும் வெள்ளைக் கறை தெரியும். பெயின்ட் பாகத்தை ஒட்டிய ஓரத்தில் மட்டும், துணி போன திசையில் கோடாகவோ அரைவட்டமாகவோ இருந்தால் அது வாக்ஸ். இதற்குப் புட்டி எதுவும் வாங்க வேண்டியதில்லை. வெதுவெதுப்பான தண்ணீர், கொஞ்சம் ஆல் பர்ப்பஸ் கிளீனர், மென்மையான பழைய பல் துலக்கும் பிரஷ் போதும். அப்படியும் அடம்பிடித்தால் ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலைத் துணியில் தொட்டுத் துடைக்கலாம். பென்சில் எழுத்தை அழிக்கும் ரப்பரும் ஆச்சரியப்படும்படி வேலை செய்யும்.

உப்புத் தண்ணீர்த் துளிகள் காய்ந்த வட்டங்களும் இப்படித்தான், அவை வேறு பிரச்சினை. இன்னொன்றையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். பியானோ போலப் பளபளக்கும் கறுப்புப் பட்டைகள், கதவைச் சுற்றிய ரப்பர் சீல்கள், மங்கிப்போன ஹெட்லைட் ஆகியவற்றுக்கு இந்தக் கட்டுரையில் உள்ள எதுவும் பொருந்தாது. முக்கியமாக ஹெட்லைட் என்பது வேறு பிளாஸ்டிக், வேறு மேற்பூச்சு, வேறு வைத்தியம்.

கழுவுவதுதான் பாதி வேலை

இதை எவ்வளவு அழுத்திச் சொன்னாலும் தகும். எந்தப் பொருளைப் பூசினாலும் அது பிளாஸ்டிக்கில் ஒட்ட வேண்டும். நடுவில் எண்ணெயோ தூசியோ இருந்தால் அதில்தான் ஒட்டும், அடுத்த மழையில் அதோடு சேர்ந்து போய்விடும். போட்ட கோட்டிங் நிற்கவே இல்லை என்று புலம்புபவர்களில் பலருக்கு உண்மையான காரணம் கோட்டிங் இல்லை, அதற்கு முந்தைய கழுவல்.

வண்டியை நிழலில் நிறுத்தி, பிளாஸ்டிக் கைக்குச் சூடில்லாமல் ஆறும் வரை காத்திருங்கள். வழக்கமான ஷாம்பூவால் மண்ணை எடுத்த பிறகு, ஆல் பர்ப்பஸ் கிளீனரைப் புட்டியில் சொன்ன அளவுக்கு நீர்க்கச் செய்து தெளித்து, நடுத்தர மென்மையுள்ள பிரஷால் பல திசைகளில் தேயுங்கள். சொரசொரப்பான பரப்பில் துணி மட்டும் உள்ளே போகாது, பிரஷ் வேண்டும். கிளீனரைக் காய விடக் கூடாது. அலசிவிட்டு, வெள்ளை மைக்ரோஃபைபர் துணியால் அழுத்தித் துடைத்துப் பாருங்கள். துணியில் பழுப்பு வந்தால் இன்னொரு முறை. துணி சுத்தமாக வரும் வரை இதேதான் வேலை.

அப்புறம் உலர்த்துவது. பட்டைகளின் இடுக்கில் தண்ணீர் ஒளிந்திருந்து, கோட்டிங் போட்ட பத்தாவது நிமிஷம் வழிந்து கோடு போட்டுவிடும். ஊதும் கருவி இருந்தால் இடுக்குகளில் ஊதிவிடுங்கள், இல்லையென்றால் நன்றாகக் காயும்வரை பொறுத்திருங்கள். கடைசியாக ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலால் ஒரு துடைப்பு. இப்போது பிளாஸ்டிக் முன்பைவிட மோசமாக வெளுத்துத் தெரியும். பயப்பட வேண்டாம், அதன் உண்மையான முகம் அதுதான். நல்லது, இனி எதைப் பூசினாலும் ஒட்டும்.

பெயின்ட் தொடும் ஓரங்களில் மாஸ்கிங் டேப் ஒட்டுவது ஐந்து நிமிஷ வேலை. தவறாமல் செய்யுங்கள். அதோடு, எதையும் முழு வண்டிக்கும் போடுவதற்கு முன் மறைவான ஒரு சிறு இடத்தில் போட்டு மறுநாள் பார்த்துவிடுங்கள்.

நிரப்புவது, சாயம் ஏற்றுவது, மூடுவது

டிரஸ்ஸிங் என்பது நிரப்பும் வேலை. எண்ணெய் வெடிப்புகளில் புகுந்து கறுப்பைக் காட்டுகிறது. பூசுவது எளிது, பிழையானாலும் கழுவினால் போய்விடும். ஆனால் நாட்கணக்கிலோ சில வாரங்களிலோ வெளுப்பு திரும்பிவிடும். மழையும் ஷாம்பூவும் அந்த எண்ணெயை எடுத்துவிடும். தண்ணீரை அடிப்படையாகக் கொண்டவை பிசுபிசுப்பில்லாமல் இயல்பான கறுப்பைத் தரும். பளபளவென்று எண்ணெய் வழியும் வகைகள் தூசியை இழுத்து ஒட்டவைக்கும், மழையில் கரைந்து பெயின்ட் மேல் வழியும். எதுவானாலும் கொஞ்சமாகப் பூசி, சில நிமிஷம் ஊறவிட்டு, மிச்சத்தைத் துடைத்தெடுங்கள்.

வீட்டில் இருக்கும் எண்ணெய்களைத் தேய்க்கலாமா என்று பலர் கேட்கிறார்கள். கறுப்பாகும், தண்ணீர் பட்டாலும்தான் ஆகிறது. அதற்கு மேல் பாதுகாப்பு எதுவும் தராமல் தூசியை மட்டும் சேர்க்கும். ஆளி விதை எண்ணெயைப் பரிந்துரைப்பவர்களும் உண்டு. அது காற்றில் கெட்டிப்படுவதால் கூடுதல் நாள் நிற்கும் என்பது உண்மைதான். ஆனால் அது கெட்டிப்படும்போது வெப்பத்தை வெளிவிடும். எண்ணெய் நனைந்த துணியைச் சுருட்டிப் போட்டால் தானாகவே தீப்பற்றக்கூடும். இந்த ஆபத்து தெரியாமல் அதைத் தொட வேண்டாம். டீசல், மண்ணெண்ணெய் பக்கம் போகவே வேண்டாம்.

சாயம் ஏற்றும் வகையில் எண்ணெயோ பிசினோ மட்டும் இல்லாமல் கறுப்பு நிறமியும் இருக்கும். வெடிப்பில் புகுந்து உட்காரும்போது நிறத்தையும் கொடுக்கும், ஓரளவு வெயிலையும் தடுக்கும். மாசக்கணக்கில் தாங்கும். ரொம்ப வெளுத்து, ஈரம் பட்டாலும் முழுக் கறுப்பு வராத பாகங்களுக்கு என் தேர்வு இதுதான். கையுறை இல்லாமல் தொடக் கூடாது, விரலில் பட்டால் நாள் கணக்கில் போகாது. மெல்லிய ஒரு பூச்சு, காய்ந்ததும் தேவையானால் இன்னொன்று. முதல் பூச்சிலேயே அப்பினால் திட்டு விழும். உங்கள் பாகம் சாம்பல் நிறத்திலேயே தயாரிக்கப்பட்டதாக இருந்தால் கறுப்புச் சாயம் அதன் நிறத்தையே மாற்றிவிடும் என்பதையும் பார்த்துக்கொள்ளுங்கள்.

மூடுவது செராமிக் கோட்டிங்கின் வேலை. சிலிக்கன் சார்ந்த பிசின், காற்றின் ஈரத்தோடு சேர்ந்து கெட்டிப்பட்டு, பிளாஸ்டிக் மேல் மெல்லிய கண்ணாடி போன்ற படலமாக நிற்கும். வெடிப்பையும் நிரப்பும், மேலேயும் மூடும். ஒழுங்காகக் கழுவிப் போட்டால் ஒரு வருஷம், சில சமயம் அதற்கு மேலும் நிற்கும். மிதமாக வெளுத்த பாகங்களுக்கும், புதிய பாகங்களைக் காப்பதற்கும் இதைவிடப் பொருத்தமானது எனக்குத் தெரியவில்லை.

இதைப் போடும்போது சின்னச் சின்ன விஷயங்கள் முக்கியம். நிழலில், காற்றோட்டமுள்ள இடத்தில், கையுறையோடு செய்யுங்கள். ஒரு நேரத்தில் ஒரு சிறு பகுதி. பஞ்சில் சில சொட்டு விட்டு, ஒரு திசையில் ஒரு முறை, குறுக்குத் திசையில் ஒரு முறை. லேபிளில் சொன்ன நேரம் கழித்து, அதிகமாக நிற்பதைத் துடைத்துச் சமப்படுத்துங்கள். தாமதமானால் திட்டுகள் அப்படியே கெட்டியாகிவிடும், தேய்த்துத்தான் எடுக்க வேண்டும். பயன்படுத்திய துணியைத் துவைத்து மறுபடி பெயின்ட் மேல் பயன்படுத்தாதீர்கள். அதில் காய்ந்த கோட்டிங் துணுக்குகள் பெயின்ட்டைக் கீறும். போட்ட பிறகு குறைந்தது ஒரு நாளாவது தண்ணீர் படாமல் இருக்க வேண்டும். இதனால் மழை வராத நாளாகப் பார்த்துத் தொடங்குங்கள். புட்டியைத் திறந்ததும் உள்ளே இருப்பதும் மெல்லக் கெட்டியாகத் தொடங்கும், வருஷக்கணக்கில் சேமித்து வைக்க முடியாது.

ஹீட் கன் பற்றி

காணொளிகளில் பார்த்திருப்பீர்கள். சூடான காற்றைக் காட்டியதும் சாம்பல் பம்பர் கண்ணெதிரே கறுப்பாகிறது. பார்க்கப் பிரமாதமாக இருக்கும். நடப்பது என்னவென்றால், மேல்தோல் இளகி, வெடிப்புகள் ஒன்றோடொன்று சேர்ந்து மூடிக்கொள்கின்றன. சிதறல் போய்விடுகிறது. இது உண்மையான மாற்றம்தான், கழுவினாலும் போகாது.

ஆனாலும் முதல்முறை செய்பவருக்கு நான் இதைச் சொல்ல மாட்டேன். பாலிபுரொப்பிலீன் 160 டிகிரி செல்சியஸை ஒட்டி உருகும், ஏபிஎஸ் ஏறக்குறைய 105 டிகிரியிலேயே இளகத் தொடங்கும். ஹீட் கன்னிலிருந்து வரும் காற்றோ பல நூறு டிகிரி சூடு. ஒரே இடத்தில் கை தாமதித்தால் சொரசொரப்பு உருகி வழவழப்பான திட்டு விழும், அதைத் திரும்பக் கொண்டுவர வழியே இல்லை. பட்டை வளையலாம், பக்கத்துப் பெயின்ட் கொப்பளிக்கலாம், கண்ணாடி விரிசல் விடலாம், பார்க்கிங் சென்சார் கெடலாம். அதைவிட முக்கியமாக, சூடு காட்டுவதால் தீர்ந்துபோன நிலைப்படுத்திகள் திரும்ப வருவதில்லை. கெட்டுப்போன அதே தோல்தான் மறுபடி வெயிலில் நிற்கிறது, முன்பைவிடச் சீக்கிரம் வெளுக்கும். செய்தே ஆக வேண்டுமென்றால் கழற்றிய பாகத்தில், கருவியை நகர்த்திக்கொண்டே செய்து, ஆறியதும் உடனே மேலே கோட்டிங் போடுங்கள்.

பெயின்ட் அடிப்பதும் ஒரு வழிதான். பாலிபுரொப்பிலீன் எதையும் எளிதில் ஒட்டவிடாத பிளாஸ்டிக் என்பதால், அதற்கென்று விற்கும் ஒட்டுப்பூச்சை முதலில் அடிக்க வேண்டும். அதைத் தவிர்த்தால் சில மாசத்தில் உரியும். கற்கள் தெறிக்கும் இடங்களில் எப்படி அடித்தாலும் ஓரளவு உரியத்தான் செய்யும்.

மறுபடி வெளுக்காமல் இருக்க

நிழல்தான் முதல் மருந்து. அது கிடைக்காத இடத்தில் வண்டியின் உறை, அதுவும் முடியாவிட்டால் நிறுத்தும் திசையை அவ்வப்போது மாற்றுவது. பிளாஸ்டிக்கை மென்மையான கார் ஷாம்பூவால் கழுவுங்கள். கடுமையான கிளீனரை வாராவாரம் அடித்தால் கோட்டிங் சீக்கிரம் போய்விடும், அது புதுப்பிக்கும் வேலைக்கு மட்டும். பெயின்ட்டுக்கு வாக்ஸ் போடும் நாளில் பிளாஸ்டிக் ஓரத்தில் டேப் ஒட்டினால், பிறகு பிரஷோடு உட்காரத் தேவையில்லை.

கோட்டிங் இன்னும் இருக்கிறதா என்று தெரிந்துகொள்ளத் தண்ணீரே போதும். கழுவும்போது துளிகள் உருண்டோடினால் இருக்கிறது. தண்ணீர் படர்ந்து, உலர்ந்ததும் நிறம் மங்கினால் அடுத்த பூச்சுக்கு நேரமாகிவிட்டது. அந்த நிலைக்கு வரும் முன்பே, கறுப்பு நன்றாக இருக்கும்போதே மறுபூச்சு போடுவது இன்னும் நல்லது. வெடிப்பு விட்ட பிறகு நிரப்புவதைவிட, விடாமல் பார்த்துக்கொள்வது எளிது.

விரலில் மாவாக ஒட்டுகிற, கண்ணுக்கே தெரியும் வெடிப்பு விழுந்த பட்டையைப் போராடி மீட்பதைவிட மாற்றிவிடுவது நல்லது. சக்கர வளைவுப் பட்டைகளும் வைப்பர் தட்டும் பல வண்டிகளில் கிளிப்பில் மாட்டியிருக்கும், கழற்றி மாட்டுவது பெரிய வேலை இல்லை. புதுப் பாகம் வந்ததும் மாட்டுவதற்கு முன்பே ஆல்கஹாலால் துடையுங்கள். அச்சிலிருந்து கழற்ற உதவிய வழுக்குப் பூச்சு அதன் மேல் மிச்சமிருக்கலாம், அதன் மேல் கோட்டிங் பிடிக்காது. துடைத்து, மேசை மேல் வைத்து, ஓரங்களையும் திருப்பிப் பார்த்துக் கோட்டிங் போட்டு, ஒரு நாள் காயவிட்டு மாட்டுங்கள். டேப்பும் வேண்டாம், இடுக்கில் வழியும் தண்ணீரும் இல்லை.